மாத்திரையும் தற்கொலை எண்ணிக்கையும்: அத்தான் அனுப்பிய வரைபடத்தை எப்படிப் படிப்பது

போன மாசம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தான் ஒரு படம் போட்டார். சிவப்புக் கோடு மேலே ஏறுகிறது, அது மனச்சோர்வு மாத்திரை விற்பனை. கறுப்புக் கோடும் கூடவே ஏறுகிறது, அது தற்கொலை எண்ணிக்கை. தலைப்பில் ஜப்பான் என்று போட்டு, 1997 முதல் 2003 வரை என்று எழுதியிருந்தது. கீழே அத்தான் கைப்பட ஒரு வரி: “நீ போடுற மாத்திரைதானம்மா இது?”

ஆமாம், அந்த வகைதான். செர்ட்ராலின் 50 மி.கி., ஆறு வருஷமாக, காலை இட்லிக்கு அப்புறம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஆக, அந்தப் படத்தோடு எனக்கு இரண்டு வகையில் வழக்கு.

அடுத்த வாரமே எங்கள் துறையில் ஒரு சார், என்னைத் தேற்றுகிற நினைப்பில், இன்னொரு படத்தைக் காட்டினார். இது ஸ்வீடன். 1991-லிருந்து 1996-க்குள் மாத்திரைப் பயன்பாடு மூன்றரை மடங்காகியிருக்கிறது, தற்கொலை 19 சதவீதம் குறைந்திருக்கிறது. “பாத்தீங்களா மேடம், மாத்திரை உயிரக் காப்பாத்துது.”

ஒரே மருந்து வகை. ஒரு நாட்டில் கொல்கிறது, இன்னொன்றில் காக்கிறது. முதல் படத்தைப் பார்த்தபோது எரிச்சல் வந்தது. இரண்டாவதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சிதான் ஆபத்து. பிடிக்காத படத்தைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, பிடித்த படத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி சோதிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்திருந்தால் போதும்.

எதற்கும் முன்னால்

படத்தைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் ஆரம்பித்த இரண்டாவது வருஷம், யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்தினேன். திங்கள்கிழமை வகுப்பில் தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். குறைப்பதானாலும் டாக்டர் சொல்கிற படிதான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இது முடிவானால்தான் மீதியை நிதானமாகப் படிக்க முடியும்.

கிராஃப் ஷீட்டில் நீங்களே போடுங்கள்

அத்தான் அனுப்பிய படத்தில் இடது பக்கம் ஒரு அளவுகோல், வலது பக்கம் வேறொரு அளவுகோல். இரண்டையும் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். இரண்டு கோடும் ஒன்றையொன்று தழுவிப் போவது எதனால்? வரைந்தவர் அப்படித் தழுவும்படி அளவைத் தேர்ந்தெடுத்ததனால். ஏறுகிற எந்த இரண்டு விஷயத்தையும் இப்படிக் கட்டித் தழுவ வைக்கலாம். அதே ஆண்டுகளில் ஜப்பானில் செல்போனும்தான் ஏறியது.

அடுத்து, கோட்டில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். இந்தப் படத்தில் இரண்டே புள்ளிதான், தொடக்கமும் முடிவும். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருந்தார்கள். நான் ஜப்பான் காவல்துறை வெளியிடும் ஆண்டு எண்ணிக்கைகளை எடுத்துவைத்துக்கொண்டு, பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஒரு சென்டிமீட்டருக்கு 2,000 பேர் என்று கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்தேன்.

1997-ல் 24,391 பேர். புள்ளி 12.2 சென்டிமீட்டர் உயரத்தில் விழுந்தது. 1998-ல் 32,863. ஒரே வருஷத்தில் நாலே கால் சென்டிமீட்டர் ஏற்றம். பென்சில் செங்குத்தாகப் போனது. அதற்கப்புறம் பாருங்கள், 1999-ல் 33,048, 2000-ல் 31,957, 2001-ல் 31,042. கொஞ்சம் இறக்கம்தான். 2003-ல் 34,427, அதுதான் உச்சம்.

இனி மாத்திரைக்கு வருவோம். எஸ்எஸ்ஆர்ஐ என்கிற இந்தப் புது வகையில் முதல் மாத்திரை ஜப்பான் சந்தைக்கு வந்தது 1999-ல். பெரிய தாவல் நடந்தது 1998-ல். அதாவது மாத்திரை கடைக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே ஏற்றத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு மறைத்தது இதைத்தான்.

1998-ல் என்ன நடந்தது? அதற்கு முந்தைய நவம்பரில் யமாய்ச்சி என்ற பெரிய பங்குவணிக நிறுவனமும், ஹொக்கைடோ தகுஷொகு என்ற வங்கியும் அடுத்தடுத்து விழுந்தன. வேலை என்றால் ஓய்வு பெறும் வரை என்று நம்பியிருந்த நடுத்தர வயது ஆண்கள்தான் அந்த ஆண்டின் ஏற்றத்தில் அதிகம்.

சரி, அத்தான் தோற்றார் என்று நான் கிராஃப் ஷீட்டை மடித்துவிடவில்லை. கோட்டை வலது பக்கம் நீட்டினேன். 2012-ல் 27,858. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக முப்பதாயிரத்துக்குக் கீழே. 2019-ல் 20,169. இந்த வருஷங்களிலும் மாத்திரைப் பயன்பாடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆக 1997–2003 என்று வெட்டினால் மாத்திரை கொல்கிறது. 2003–2019 என்று வெட்டினால் அதே மாத்திரை காப்பாற்றுகிறது. கத்திரிக்கோல் யார் கையில் என்பதுதான் விஷயம். இடையில் 2006-ல் தற்கொலைத் தடுப்புக்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது, கடன் கொடுப்போரைக் கட்டுப்படுத்தும் சட்டமும் திருத்தப்பட்டது. அதெல்லாம் எந்தப் படத்திலும் இல்லை.

ஸ்வீடன் படத்தையும் இதே மாதிரி நீட்டுங்கள், இந்தத் தடவை இடது பக்கம். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் தற்கொலை விகிதம் இறங்கத் தொடங்கியது இந்த மாத்திரைகள் வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்பே. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த படியில் மாத்திரை வந்து சேர்ந்துகொண்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம், காக்கை கொஞ்சம் உலுக்கியும் இருக்கலாம். படத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது. சாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான்.

முந்தியது எது, எத்தனை பேர்

இந்த விஷயத்தில் நான் வகுப்பில் எடுக்கும் உதாரணம் அமெரிக்காவுடையது. 2004 அக்டோபரில் அங்கே மருந்துகளை ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏ, மனச்சோர்வு மாத்திரைகளின் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. காரணம், சிறுவர்களும் பதின்வயதினருமாகச் சுமார் 4,400 பேரை வைத்து நடந்த 24 சோதனைகள். மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்திருந்தது, வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு. இறந்தவர் யாரும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து ஓர் ஆய்வு வந்தது. எச்சரிக்கைக்குப் பிறகு அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பிள்ளைகளுக்கு இந்த மாத்திரை எழுதிக்கொடுப்பது சுமார் 22 சதவீதம் குறைந்தது என்றது. கூடவே, பிள்ளைகளின் தற்கொலை விகிதம் அமெரிக்காவில் 2003–2004-ல் 14 சதவீதமும், நெதர்லாந்தில் 2003–2005-ல் 49 சதவீதமும் ஏறியது என்றும் சொன்னது. பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள், பிள்ளைகள் செத்தார்கள் என்று செய்தி பரவியது. மாத்திரை போடுகிற எனக்கு இது வெல்லமாக இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் தேதியைப் பாருங்கள். எச்சரிக்கை 2004 அக்டோபரில். அமெரிக்காவில் மருந்துச்சீட்டு கணிசமாகச் சரிந்தது 2005-ல். தற்கொலை ஏறியதோ 2004-ல். விளைவு முந்திவிட்டது, காரணம் பிந்திவிட்டது. 2005-ல் சீட்டு நிஜமாகவே குறைந்தபோது எண்ணிக்கை ஏறவில்லை, சற்று இறங்கியது. இதைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். இரண்டு கோட்டுக்கும் அடியில் மாதத்தையும் ஆண்டையும் எழுதினால் போதும்.

நெதர்லாந்தின் 49 சதவீதத்துக்கு வேறு சோதனை. சதவீதம் பெரிதாக இருந்தால் ஆள் எத்தனை என்று கேளுங்கள். 34 பேர் 51 ஆனார்கள். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை, ஒரு வீடு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. கணக்குக்கு மட்டும் ஒரு கைவைத்தியம் சொல்கிறேன். இரண்டு எண்ணையும் கூட்டுங்கள், 85. அதன் வர்க்கமூலம் சுமார் 9.2. அதை இரட்டியுங்கள், 18.4. இரண்டு எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் இதைத் தாண்டினால்தான் ‘ஏதோ நடந்திருக்கிறது’ என்று நிமிர்ந்து உட்கார வேண்டும். இங்கே வித்தியாசம் 17. தாண்டவில்லை, தொட்டுக்கொண்டு நிற்கிறது. கரடுமுரடான முறைதான், ஆனாலும் செய்தித்தாளில் வரும் பாதி ‘திடீர் உயர்வு’களை இது வடிகட்டிவிடும்.

சின்ன ஊர்க் கணக்கில் இன்னும் உஷார். ஸ்வீடனைச் சேர்ந்த கோட்லாந்து தீவில் 1983–84-ல் பொது மருத்துவர்களுக்கு மனச்சோர்வைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 20 அளவிலிருந்து 7-க்கு இறங்கியது. இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். தீவின் மக்கள்தொகை சுமார் 56,000. லட்சக்கணக்கைக் கழற்றிவிட்டால் பதினோரு பேர் நான்கு பேரான கதை. அதிலும் குறைந்தது பெரும்பாலும் பெண்களின் எண்ணிக்கை. சில வருஷத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பலர் தீவைவிட்டுப் போனார்கள், விகிதமும் பழையபடி ஏறியது. நல்ல முயற்சிதான், நானும் மதிக்கிறேன். அதை வைத்து ஒரு நாட்டுக்கே கோடு இழுக்க மாட்டேன்.

சிவப்புக் கோட்டுக்குள் என் அம்மா

அம்மாவுக்குச் சர்க்கரை. ராத்திரியானால் பாதம் திகுதிகுவென்று எரியும். அதற்காக அமிட்ரிப்டிலின் 10 மி.கி. மாத்திரை எழுதியிருக்கிறார்கள். மெடிக்கல் கடைக்காரர் பத்து மாத்திரைப் பட்டையைக் கத்திரியால் நறுக்கி, ஒன்பது நாளுக்கு ஒன்பது கொடுப்பார். மருந்துக் கணக்கில் அது மனச்சோர்வு மாத்திரை. அம்மாவுக்கு மனச்சோர்வு கிடையாது, எங்களுக்குத்தான் வரும். தலைவலிக்கும் தூக்கத்துக்கும்கூட இதே மாத்திரையைச் சின்ன அளவில் கொடுப்பதுண்டு.

நாடுகளை ஒப்பிடும்போது உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ‘ஒரு நாள் அளவு’ வகுத்திருக்கிறது. அமிட்ரிப்டிலினுக்கு 75 மி.கி., செர்ட்ராலினுக்கு 50. அந்தக் கணக்கில் அம்மா ஏழரை நாள் போடுவது ஒரே நாளாகக் கழியும். ஆனால் ‘எத்தனை பேர் மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறார்கள்’ என்று தலையை எண்ணுகிற படத்தில் அவரும் முழுசாக ஒரு ஆள். ஆகவே சிவப்புக் கோடு எண்ணுவது தலையையா, அளவையா, பணத்தையா என்று பாருங்கள். விற்றதெல்லாம் விழுங்கியதும் இல்லை. என் மேசை இழுப்பறையில் நான் நிறுத்திப் பார்த்த அந்த வாரத்துப் பட்டை இன்னும் பாதி அப்படியே கிடக்கிறது.

கறுப்புக் கோட்டையும் நம்பிவிட வேண்டாம். நம் ஊரில் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் ‘தீராத வயிற்றுவலி’ என்ற சொல் என்ன செய்கிறது என்று தெரியும். வீட்டுக்காரர்கள் சொல்வதைக் காவல் நிலையம் எழுதுகிறது, காவல் நிலையம் எழுதுவது தேசியக் கணக்காகிறது. 2010-ல் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியாவில் தற்கொலை சுமார் 1,34,600. வீடு வீடாகப் போய்ச் சாவின் காரணத்தை விசாரித்த ஆய்வின் மதிப்பீடோ சுமார் 1,87,000. ஐம்பதாயிரத்துக்கு மேல் இடைவெளி. இப்படிப்பட்ட இடத்தில், மறைப்பது குறைந்தாலே கோடு ஏறிவிடும், ஒரு சாவுகூடக் கூடாமல்.

வயதைப் பிரியுங்கள்

இதை ஒன்றை மட்டும் செய்தால்கூடப் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 1986–90-ஐயும் 1996–2000-ஐயும் ஒப்பிட்டால் மொத்தத் தற்கொலை விகிதம் அசையவில்லை. மாத்திரையால் ஒரு பயனும் இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். வயது வாரியாகப் பிரித்தால், முதியவர்களிடம் நன்றாகக் குறைந்திருக்கிறது, இளையவர்களிடம் கூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி, மொத்தம் மட்டும் சும்மா நின்றது.

தனி ஆளிடம் மாத்திரை என்ன செய்கிறது என்பதற்கு நாட்டுப் படத்தைவிடச் சோதனைகளே மேல். ஒரே மாதிரியான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரையும் மறு பாதிக்கு மாவும் கொடுப்பது. எஃப்டிஏ இப்படி 372 சோதனைகளை, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. தற்கொலை எண்ணமும் முயற்சியும் சேர்ந்த வாய்ப்பு, மாவு எடுத்தவர்களுக்கு 1 என்று வைத்தால், மாத்திரை எடுத்தவர்களில் 25 வயதுக்குக் கீழே 1.62. 25 முதல் 64 வரை 0.79. 65-ம் அதற்கு மேலும் 0.37. மேலே ஏறுவதும் உண்மை, கீழே இறங்குவதும் உண்மை. வயது வேறு. அத்தானுக்கு 58, எனக்கு 41, அக்கா மகனுக்கு 19. மூன்று பேருக்கும் ஒரே படம் எப்படிப் பேசும்?

கூட்டம் வேறு, ஆள் வேறு

1950-ல் ராபின்சன் என்ற அமெரிக்கர் ஒரு வேடிக்கையைக் காட்டினார். 1930 கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. ஆளாளாகப் பார்த்தாலோ வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். வந்தவர்கள் போய்க் குடியேறியது படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில், அவ்வளவுதான். மாநிலத்தைப் பார்த்து ஆளைப் பற்றிச் சொன்னால் தலைகீழாகப் போகும். மாத்திரைப் படத்திலும் அப்படித்தான். இறந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

“மாத்திரை எடுத்தவங்கதான் அதிகம் செத்திருக்காங்க” என்று சில படங்கள் ஆளையே எண்ணிக் காட்டும். அதில் இன்னொரு கண்ணி. குடை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் நனைந்திருப்பார்கள், மழையில் வெளியே போனவர்களே அவர்கள்தானே. மாத்திரை எழுதப்படுவது ஏற்கெனவே நொந்துபோனவர்களுக்கு.

மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாமலும் கோடு சரியும். இலங்கையில் 1995-ல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2005-ல் 24. விவசாயத்தில் புழங்கிய கொடிய நஞ்சுகளுக்கு அரசு 1995-லும் 1998-லும் தடை போட்டதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பத்து வருஷத்து இலங்கைப் படத்தில் யாராவது சிவப்புக் கோட்டில் மாத்திரையைச் சேர்த்திருந்தால், நாம் அதையும் நம்பியிருப்போம்.

என் கிராஃப் ஷீட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். அத்தான் போனே போட்டுவிட்டார். “எல்லாம் சரிம்மா. மாத்திரை நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில சொல்லு.”

“யாருக்கு அத்தான்?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, சின்னவன் ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடுவதில்லை, போன வாரம் டாக்டர் ஏதோ மாத்திரை எழுதியிருக்கிறார், அக்காவுக்குக்கூடத் தெரியாது என்றார். படம் எதற்காக வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். 25 வயதுக்குக் கீழே இருப்பவர் மாத்திரை ஆரம்பிக்கும் முதல் சில வாரங்களிலும், அளவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும், யாராவது ஒருவர் தினமும் பேச்சுக்கொடுங்கள். தூக்கம் அடியோடு போவது, நிலைகொள்ளாமல் நடப்பது, வழக்கமில்லாத கோபம், ‘நான் இல்லாட்டி என்ன’ என்கிற மாதிரிப் பேச்சு, இதில் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே எழுதிக்கொடுத்த டாக்டரைக் கூப்பிடுங்கள். ‘தற்கொலை எண்ணம் வருகிறதா’ என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆபத்து என்று தோன்றினால் தனியாக விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டாக்டர் கிடைக்காத நேரத்தில் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.